கொத்தடிமை மீட்பு நினைவுச்சின்னம்: காலில் விழும் சிலை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டவர்களின் நினைவாக வேலூர்க் கோட்டைக்கு அருகில் ஒரு வெண்கலச் சிலை நிறுவ வேண்டும் என்று வாசகர் ஒருவர் தங்கள் நாளிதழின் கடிதப் பகுதியில் எழுதியிருந்தார். அறுந்த சங்கிலியோடு தரையில் இருக்கும் ஒரு தொழிலாளி, குனிந்து அவரைத் தூக்கி நிறுத்தும் ஓர் அதிகாரி என்று சிலையின் அமைப்பையும் அவரே விவரித்திருந்தார். நினைவுச்சின்னம் ஒன்று வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. "அரூபச் சிற்பம், நவீன ஓவியம் என்று யாருக்கும் புரியாத எதையாவது வைத்துவிட வேண்டாம்" என்று கடிதத்தின் இறுதியில் அவர் எழுதியிருந்த வரிக்காகவே இதை எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அவர் வேண்டாம் என்று தள்ளிய அரூபத்தைத்தான், அதாவது ஆள் உருவத்தைக் காட்டாமல் கோட்டாலும் வண்ணத்தாலும் வடிவத்தாலும் பேசும் கலையைத்தான், அங்கே வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் விவரித்த சிலையை எங்குமே வைக்கக் கூடாது என்பதும் என் கருத்து.

அந்தச் சிலையின் அமைப்பு மிகப் பழையது. இங்கிலாந்தில் அடிமை வணிகத்தை எதிர்த்து எழுந்த இயக்கத்துக்காக ஜோசையா வெட்ஜ்வுட்டின் மண்பாண்டத் தொழிற்சாலை 1787இல் ஒரு பதக்கத்தை உருவாக்கியது. சங்கிலியால் பிணைக்கப்பட்ட ஆப்பிரிக்கர் ஒருவர் முழந்தாளிட்டு, கைகூப்பி, தானும் ஒரு மனிதனும் சகோதரனும் அல்லவா என்று கேட்பதாக அதில் பொறிக்கப்பட்டிருந்தது. செல்வந்தர் வீட்டுப் பெண்கள் அதைக் கைவளையிலும் கொண்டை ஊசியிலும் பதித்து அணிந்துகொண்டார்கள். இயக்கத்துக்கு அது பெரிதும் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், அடிமையாக இருந்தவரை வரைய வேண்டும் என்றால் முழந்தாளிட்ட நிலையில்தான் வரைய வேண்டும் என்கிற வழக்கத்தையும் அந்தப் பதக்கம் ஏற்படுத்திவிட்டுப் போனது. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்த பிறகும் அந்த வழக்கம் ஒழியவில்லை. வாஷிங்டனில் 1876இல் திறக்கப்பட்ட விடுதலை நினைவுச்சின்னத்தில் லிங்கன் கையை நீட்டியபடி நிற்கிறார். விடுதலை பெற்றவர் அவர் காலடியில் முழந்தாளிட்டிருக்கிறார். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற மக்கள் தங்கள் கூலியிலிருந்து கொடுத்த பணத்தில் எழுந்த சின்னம் அது. அதன் வடிவத்தைத் தீர்மானிப்பதில் மட்டும் அவர்களுக்குப் பங்கில்லை.

அந்தத் திறப்பு விழாவில் உரையாற்றியவர், தாமே அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரடெரிக் டக்ளஸ். விழா முடிந்த சில நாட்களில் அவர் வாஷிங்டன் நாளிதழ் ஒன்றின் ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கு கால் விலங்கைப் போல முழந்தாளிட்ட நிலையில் அல்லாமல், மனிதனாக நிமிர்ந்து நிற்கும் கறுப்பினத்தவரின் நினைவுச்சின்னம் ஒன்றைத் தாம் சாவதற்கு முன் பார்க்க விரும்புவதாக அதில் அவர் குறிப்பிட்டிருந்தார். பல ஆண்டுகள் எவர் கண்ணிலும் படாமல் கிடந்த அந்தக் கடிதத்தை ஆய்வாளர்கள் 2020இல்தான் மீண்டும் கண்டெடுத்தார்கள். அதே சிற்பத்தின் பாஸ்டன் நகரத்துப் படியும் அந்த ஆண்டின் இறுதியில் அகற்றப்பட்டது. டக்ளஸ் அரூபக் கலையைக் கேட்கவில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். அவர் காலத்தில் அப்படி ஒன்று இல்லை. ஆனால் நோய் எது என்பதை அவர் சரியாகச் சொல்லிவிட்டார்.

இது எங்கோ நடந்த கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. 2019 ஜூலை மாதத்தில் காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து இருளர் குடும்பங்களைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டோர் மீட்கப்பட்டபோது, மீட்க வந்த அதிகாரியின் காலில் ஒரு முதியவர் விழும் படம் நாடு முழுவதும் பரவியது. அந்தப் படத்தை எடுத்தவரையோ வெளியிட்டவர்களையோ நான் குறை சொல்லவில்லை. அன்று அது பலர் கண்ணைத் திறந்தது. அந்த அதிகாரியும் தம் கடமையைச் செய்தவர். என் கவலை வேறு. வட ஆர்க்காட்டின் கொத்தடிமை முறையைப் பற்றி வெளியூர்க்காரர் ஒருவரைக் கேட்டால் அவர் நினைவுக்கு வருவது அந்த ஒரு படம்தான். முன்பணம் எவ்வளவு, எத்தனை ஆண்டு வேலை, எந்த மரத்தை எந்த விலைக்கு வெட்டினார்கள், ஊரில் ஒரு சாவுக்காவது போய்வர விட்டார்களா என்பது எதுவும் அந்தப் படத்தில் இல்லை. காலில் விழுந்த ஒரு கணம் மட்டும் இருக்கிறது. வாசகர் கேட்கும் வெண்கலச் சிலை அந்தக் கணத்தை நிரந்தரமாக்கிவிடும். மீட்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலாவில் கோட்டையைப் பார்க்க வரும்போது, தங்கள் தாத்தா இன்னும் எழுந்திருக்கவில்லை என்பதைத்தான் அங்கே பார்ப்பார்கள்.

நம் மாவட்டத்து வரலாற்றை அப்படி ஒரு காட்சியாகச் செதுக்க முடியாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1833இல் நிறைவேற்றிய அடிமை ஒழிப்புச் சட்டம் மேற்கிந்தியத் தீவுகளில் 1834 ஆகஸ்ட் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு 2 கோடி பவுண்டு இழப்பீடு கொடுத்தார்கள். அதற்காக வாங்கிய கடனின் கடைசித் தவணையைப் பிரிட்டிஷ் அரசு அடைத்தது 2015இல்தான். அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. எனினும் அவர்களுக்கு ஒரு நாள் இருக்கிறது. ஆகஸ்ட் 1 இன்றும் அங்கே பல நாடுகளில் விடுதலை நாள். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளை அந்தச் சட்டத்திலிருந்து விலக்கி வைத்தார்கள். ஆகவே, பழவேற்காட்டிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் மனிதர்களைக் கப்பலேற்றிய கரையை ஒட்டிய இந்தச் சீமைக்கு, நிலத்தோடு ஆளும் சேர்த்துக் கைமாறிய இந்தச் சீமைக்கு, விடுதலை நாள் என்று ஒன்று வரவில்லை. இங்கே வந்தது 1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம். நான்கே பிரிவுகள். ஒருவரை அடிமையாக உடைமை கொண்டாடும் உரிமையை இனி எந்த நீதிமன்றமும் ஏற்காது என்று அது சொன்னது. அடிமை வைத்திருப்பவரைத் தண்டிக்கும் என்று சொல்லவில்லை. பறை அறைந்து ஊருக்குச் சொன்னதாகவோ, சங்கிலியை வெட்டியதாகவோ, எந்தப் படியாளையும் (பண்ணை அடிமையையும்) பெயர் சொல்லி அழைத்து நீ விடுதலையானாய் என்று கூறியதாகவோ எதுவும் இல்லை. அடிமையாக வாங்குவதும் விற்பதும் குற்றம் என்று ஆனது 1862இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான். அதற்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே, 1860 அக்டோபரில், ட்ரூரோ என்ற கப்பல் ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் புறப்பட்டுவிட்டது. அடுத்த அரை நூற்றாண்டில் நேட்டாலுக்குப் போன ஒன்றரை லட்சம் பேரில் பெரும்பாலோர் சென்னை மாகாணத்தவர். அவர்களில் வட ஆர்க்காட்டு ஊர்களின் பெயர்கள் நிறையவே உண்டு. கடைசியில் 1976இல் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் வந்து, முன்பணக் கடன் அத்தனையும் செல்லாது என்று அறிவித்தது. அதன் பிறகும் செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடத்திலும் மீட்பு நடந்துகொண்டுதான் இருக்கிறது. இப்படிச் சிறுகச் சிறுக, பாதி வந்து பாதி நின்று, ஒரு வடிவத்தில் ஒழிந்து மறு வடிவத்தில் முளைத்த ஒன்றுக்கு எந்தக் கணத்தை எடுத்துச் சிலை வடிப்பது?

இந்தக் கேள்வியை நமக்கு முன்பே கேட்டுப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிரிட்டிஷ் கயானாவில் 1934இல் பிறந்த ஃபிராங்க் பௌலிங், 'மிடில் பாசேஜ்' என்று 1970இல் ஒரு பெரிய ஓவியம் தீட்டினார். ஆப்பிரிக்காவிலிருந்து அமெரிக்கக் கண்டத்துக்கு அடிமைகள் கொண்டுசெல்லப்பட்ட கடல்வழிக்கு வழங்கும் பெயர் அது. அந்த ஓவியத்தில் கப்பல் இல்லை, சவுக்கு இல்லை. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் ஒன்றின்மேல் ஒன்று வழிந்து கலக்க, அவற்றுக்குள் கண்டங்களின் எல்லைக்கோடுகள் தெரிந்தும் மறைந்தும் கிடக்கின்றன. அமெரிக்கச் சிற்பி மெல்வின் எட்வர்ட்ஸ் 1963இல் தொடங்கிய இரும்புச் சிற்ப வரிசை இன்னொரு வகை: சங்கிலிக் கண்ணி, பூட்டு, சம்மட்டித் தலை போன்றவற்றைப் பற்றவைத்து, ஏறக்குறைய மனிதத் தலை அளவில், பார்ப்பவரின் கண்மட்டத்தில் சுவரில் மாட்டியவை. கானாவில் பிறந்த எல் அனட்சூயி, சாராயப் புட்டிகளின் அலுமினிய மூடிகளை ஆயிரக்கணக்கில் தட்டி, செம்புக் கம்பியால் கோத்து, சுவரளவு துணிபோல் தொங்கவிடுகிறார். ஐரோப்பியர் சாராயத்தைக் கொண்டுவந்து எதற்கு விலையாகக் கொடுத்தார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பளபளப்பு கண்ணை உறுத்தும்.

இவர்களுள் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர் அமெரிக்கக் கலைஞர் டார்க்வேஸ் டைசன். அவருடைய கறுப்பு ஓவியங்களிலும் சிற்பங்களிலும் சதுரமும் முக்கோணமும் வளைகோடும் மட்டுமே திரும்பத் திரும்ப வரும். வெறும் வடிவகணிதம் என்று கடந்துவிடலாம். ஆனால் ஒவ்வொன்றும், அமெரிக்காவில் அடிமைத்தனத்திலிருந்து தப்புவதற்காக ஒருவர் ஒளிந்திருந்த இடத்தின் வடிவம். சதுரம், ஹென்றி பிரவுன் 1849இல் தம்மைத் தாமே உள்ளே வைத்து ஆணியடிக்கச் செய்து ரிச்மண்டிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்குச் சரக்காக அனுப்பிக்கொண்ட மரப்பெட்டி. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமும் கொண்ட அதற்குள் அவர் ஒரு நாளுக்கு மேல் முடங்கிக் கிடந்தார். முக்கோணம், வடகரோலினாவில் ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் பதுங்கியிருந்த பாட்டி வீட்டுக் கூரைச் சரிவு. மிக உயர்ந்த இடத்திலும் மூன்றடிதான், நிமிர்ந்து நிற்கவே முடியாது. வளைகோடு, ஆண்டனி பர்ன்ஸ் ஒளிந்து தப்பிய கப்பலின் அடிப்பகுதி. இவர்களின் உருவத்தை வரைந்திருந்தால் நாம் இரக்கப்பட்டிருப்போம். அந்த இடத்தின் வடிவத்தை மட்டும் வரைந்ததால், அந்த அளவுக்குள் தன் உடம்பைப் பொருத்திப் பார்க்கும் வேலை பார்ப்பவருடையதாகிவிடுகிறது. தப்பிக்கும் வழியைக் கணக்கிட்டுக் கண்டுபிடித்த அறிவாளிகளாக அவர்கள் அங்கே இருக்கிறார்கள். யாருடைய காலடியிலும் இல்லை.

இந்தக் கலைஞர்களில் சிலரும் நம் வாசகர் சொன்ன அதே குறையைக் கேட்டவர்கள்தாம், அதுவும் தம் சொந்த மக்களிடமிருந்து. 1960களின் இறுதியில், தெருவில் போராட்டம் நடக்கும்போது வண்ணத்தை வழியவிட்டுக்கொண்டிருப்பது பொறுப்பற்ற செயல் என்ற விமர்சனம் கறுப்பினக் கலைஞர்களிடையே பலமாக எழுந்தது. பௌலிங் தூரிகையோடு எழுதுகோலையும் எடுத்து அதற்கு விடை சொன்னார். 1969இல் எட்வர்ட்ஸ், ஓவியர் ஜாக் விட்டன் முதலியோரையும் சேர்த்துத் தாமே ஒரு கண்காட்சியையும் நடத்தினார். அந்த விமர்சனத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எதைப் பற்றியது என்றே தெரியாமல் வங்கி வரவேற்பறையில் தொங்குவதற்காகத் தீட்டப்படும் அரூப ஓவியங்கள் ஏராளம். அவற்றைப் பார்த்துச் சலித்தவர்களில் நானும் ஒருவன்.

இதைவிடக் கடுமையான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. வாசகர் அதை எழுப்பவில்லை, நானே எழுப்புகிறேன். மனிதனின் முகத்தை அழித்து அவனைக் கோடாகவும் எண்ணாகவும் ஆக்கியது அடிமை வணிகமே அல்லவா? 'புரூக்ஸ்' என்ற அடிமைக் கப்பலின் உள்ளமைப்பைக் காட்டி 1789இல் லண்டனில் அச்சிடப்பட்ட படத்தில், 400க்கும் மேற்பட்ட மனிதர்கள் இடைவெளியின்றி அடுக்கிய சிறு கறுப்புக் கோடுகளாகவே தெரிகிறார்கள். நேட்டாலுக்குப் போன நம்மவர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், உயரம், உடம்பில் உள்ள தழும்பு என்று பதிவேட்டில் ஒரே வரியில் ஒரு வாழ்க்கை முடிந்துவிடும். அப்படியிருக்க, கலைஞனும் முகத்தை நீக்கலாமா? நீக்கலாம் என்றே நினைக்கிறேன். பதிவேடு எழுதியவனுக்கு அந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பவரைப் பற்றித் தெரிந்துகொள்ளத் தேவை இல்லை. கலைஞன் தெரிந்துகொண்ட பிறகுதான் தொடங்குகிறான். அந்தத் தெரிதல் இல்லாத அரூபம் இன்னொரு பதிவேடாகிவிடும் என்ற ஆபத்து உண்மையானது. அதனால்தான், இந்தப் பணியை யாருக்குக் கொடுப்பது, எப்படிக் கொடுப்பது என்பதைப் பற்றி இறுதியில் சில சொல்ல விரும்புகிறேன்.

மக்களுக்குப் புரியாது என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்கவே முடியவில்லை. நம் பழைய சாலைகளின் ஓரத்தில் சுமைதாங்கிக் கல் நிற்கிறது. நட்டுவைத்த இரண்டு கற்கள், மேலே குறுக்கே ஒரு கல், வேறொன்றும் இல்லை. பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நடும் வழக்கம் தமிழ்நாடெங்கும் இருந்தது. தாயின் உருவமும் அதில் இல்லை, குழந்தையின் உருவமும் இல்லை. தலைச்சுமையை இறக்கி வைத்துவிட்டு நின்ற எந்த விறகுக்காரிக்கும் அது புரியாமல் போனதில்லை. மாசி மகத்தன்று மாமல்லபுரம் கடற்கரையில் கூடும் இருளர்கள், மணலைக் குவித்துப் படிகட்டி, அதிலே கன்னியம்மனை வரவழைத்துக் கும்பிடுகிறார்கள். அவர்களுக்கு அம்மன் தெரிகிறாள். வாசலில் புள்ளி வைத்துச் சிக்குக்கோலம் இழைக்கும் பெண்கள் வாழும் ஊரில் வந்து அரூபம் புரியாது என்று சொல்வதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும்.

அப்படியானால் நமக்குரிய வடிவங்கள் எவை? கலைஞனுக்கு நான் பாடம் சொல்ல வரவில்லை; ஆனால் இந்த மாவட்டத்தில் வாழ்ந்தவன் என்ற முறையில் சில என் கண்முன் நிற்கின்றன. சூளையில் கல் அறுக்கும் குடும்பம் நாள் முழுதும் கையில் வைத்திருக்கும் மர அச்சு ஒன்று. ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் முன்பணத்துக்குப் பிடித்தது போக மிச்சம். அந்த அச்சின் உள்ளளவு ஒரு குழந்தையின் இரண்டு கைகளுக்குச் சரியாக இருக்கும் என்பதைப் பார்த்தவர்கள் அறிவார்கள். இரவெல்லாம் நெல் அவித்து விடிந்ததும் பரப்பிக் காயவைக்கும் அரிசி ஆலைக் களம் இன்னொன்று. சிமெண்டுத் தரை, நான்கு புறமும் சுவர், நிழலே இல்லாத ஒரு நீள்சதுரம். அதை நடந்து நடந்து காலால் கிளறிவிட வேண்டும், இரவில் அதன் ஓரத்திலேயே படுக்க வேண்டும். குடியாத்தம் பக்கம் பீடி இலையை வெட்டுவதற்கு அளவாக வைக்கும் சிறு தகடு மற்றொன்று. முன்பணத்துக்காகப் பீடி சுற்ற விடப்பட்ட பிள்ளைகள் 1990களில் இந்தப் பகுதியில் ஏராளம். என் வகுப்பு வருகைப் பதிவேட்டில் தொடர்ந்து விழுந்த சிவப்புக் கோடுகளில் பல அவர்களுடையவை. ஓவிய வகுப்புக்கு எப்போதாவது வந்த ஒரு சிறுமிக்கு நான் எதை வரையச் சொன்னாலும், தாளை அந்தத் தகட்டின் வடிவில் கட்டம் கட்டமாகப் பிரித்த பிறகுதான் வரையத் தொடங்குவாள். அப்போது திருத்தினேன், பிறகு திருத்துவதை விட்டுவிட்டேன்.

இதற்கான கலைஞர்களைத் தேடி நாம் கடல்தாண்டிப் போக வேண்டியதில்லை. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கிய கே.சி.எஸ். பணிக்கர், எழுத்துகளையும் ஜாதகக் கட்டங்களையும் போன்ற குறிகளால் கித்தானை நிரப்பிக் காட்டியவர். காந்தியைக் கோடுகளில் வரைந்து புகழ்பெற்ற ஆதிமூலம், பிற்காலத்தில் வண்ணப் பரப்புகளாகவே நிலத்தைத் தீட்டினார். அந்த மரபில் பயின்ற இளைஞர்கள் சென்னை, கும்பகோணம் அரசுக் கவின்கலைக் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருகிறார்கள். அவர்களில் மீட்கப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் யாரேனும் இருந்தால் முதல் வாய்ப்பு அவர்களுக்கு என்பது என் விருப்பம்.

எனவே மாவட்ட நிர்வாகம் இப்படி ஒரு சின்னத்தை அமைக்க முன்வருமானால், தங்கள் நாளிதழ் வழியாக நான் வைக்கும் வேண்டுகோள்கள் இவை. வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் பாதிப்பேராவது கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டதற்கான விடுவிப்புச் சான்றிதழைக் கையில் வைத்திருப்பவர்களாக இருக்க வேண்டும். குழுக் கூட்டத்துக்கு வரும் நாட்களுக்கு அவர்களுக்கு உரிய கூலியும் பயணப்படியும் அன்றன்றே கையில் கொடுக்கப்பட வேண்டும். தேர்வாகும் கலைஞர் ஒரு பருவம் முழுவதாவது சூளையிலும் களத்திலும் இருந்து அந்த மக்களோடு பழகிய பிறகே வரைபடத்தைக் கொடுக்க வேண்டும். இடம் கோட்டை அருங்காட்சியகமாக இருந்தால் நல்லது. ஏனெனில் மன்னர்களின் வாளும் நாணயமும் இருக்கும் இடத்தில் செங்கல் அச்சுக்கும் இடம் உண்டு. ஒப்பந்தப் புள்ளி அறிவிப்பில், ஒருவர் காலடியில் மற்றொருவர் இருக்கும் எந்த அமைப்பும் ஏற்கப்படாது என்று ஒரு நிபந்தனையைத் தெளிவாகச் சேர்க்க வேண்டும். திறப்பு விழாக் கல்வெட்டு என்று ஒன்று கட்டாயம் தேவைப்படுமானால், திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர் பெயர்களை எல்லாம் அதன் பின்பக்கத்தில் பொறித்துக்கொள்ளலாம். எனக்கு ஆட்சேபம் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
குடியாத்தம், வேலூர் மாவட்டம்.